பண்ணைக்குட்டையில் விரால் தானாகக் குஞ்சு பொரிக்குமா? நாட்டு மீன் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிவகங்கைச் சீமையில் எங்களுக்கு ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. நீளம் 30 மீட்டர், அகலம் 30 மீட்டர், நடு ஆழம் 2 மீட்டர். சென்ட் கணக்கில் சொன்னால் 22 சென்ட். ஐப்பசி மழையில் நிறையும். கோடையில் வற்றினால் போர் தண்ணீர் விடுவோம். சில வருடங்களாக அதில் விரால் தானே கூடு கட்டி, தானே குஞ்சு பொரித்து வளர்க்கிறது. பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் விரால் பற்றித்தான் இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மீன் அதுதான்.

எந்த மீனை விட்டாலும் குட்டையில் குஞ்சு பொரித்துப் பெருகிவிடும் அல்லவா?

இல்லை. எல்லோருக்கும் முதலில் வருகிற தவறான எண்ணம் இதுதான். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய தண்ணீரில் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும். ஆனால் முட்டை விடாது. அவற்றுக்கு வெள்ளம் வேண்டும். புதுத் தண்ணீர் ஓடிவந்து கரைமீறிப் பரவுகிற இடத்தில்தான் அவை கூடி முட்டை விடும். வங்காளத்தில் பாங்குரா, மேதினிபூர் பக்கத்தில் இதற்காகவே சரிவான நிலத்தில் மழைநீர் வந்து பாயும்படி கரை கட்டி வைத்திருப்பார்கள். அதைப் 'பந்த்' என்பார்கள். பெருமழையில் தண்ணீர் இரைந்து உள்ளே வரும்போது, ஆறு வந்துவிட்டது என்று நினைத்து மீன் முட்டையிடும்.

மற்ற எல்லா இடத்திலும் ஊசிதான். ஒடிசாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று மீன்வள விஞ்ஞானிகள் ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பெருங்கெண்டையை முட்டையிட வைத்தார்கள். இந்தியாவில் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாக இருப்பது அதனால்தான். இன்று அந்தச் சாற்றுக்குப் பதில் ஓவாப்ரிம் போன்ற தயார் மருந்து வந்துவிட்டது. அது குஞ்சு பொரிப்பகத்தின் வேலை. நம் குட்டையில் கட்லா வேண்டும் என்றால் ஒவ்வொரு வருடமும் குஞ்சு வாங்கித்தான் விட வேண்டும்.

விரால், குறவை, பனையேறிக் கெண்டை இவை வேறு வகை. தேங்கிய தண்ணீர்தான் இவற்றின் வீடு. இடம் அமைந்தால் ஊசி எதுவும் இல்லாமல் பெருகும்.

கட்லாவும் ரோகுவும் நாட்டு மீன் இல்லையா? எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறதே?

இந்திய மீன்தான், ஆனால் கங்கை மீன். தென்னாட்டு ஆறுகளுக்கும் அணைகளுக்கும் பிறகு கொண்டுவந்து விடப்பட்டவை. அதனால் அவற்றை வளர்ப்பது தப்பு என்று சொல்லவில்லை. சந்தையில் பாதிக் கூடை அவைதான். ஆனால் 'நாட்டு மீன்' என்று நான் சொல்வது நம் ஆற்றுக்கும் கண்மாய்க்கும் பிறந்த மீனை. காவிரியில் கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை, சேல் கெண்டை. கண்மாயில் விரால், குறவை, கெளுத்தி, தேளி, பனையேறி, அயிரை. சங்கப் பாட்டில் வயலிலும் பொய்கையிலும் துள்ளுகிற வராலும் வாளையும் கெண்டையும் இந்தக் குடும்பம்தான்.

ஜிலேபிக் கெண்டையை நாட்டு மீன் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. எல்லாக் கண்மாயிலும் நிறைந்துவிட்டதால் பழைய ஆள் போலத் தெரிகிறது.

குட்டையில் தானாகப் பெருகக்கூடிய நாட்டு மீன்கள் எவை?

விரால் முதலில். அதன் தம்பி குறவை. அளவில் சின்னது, எந்தப் பள்ளத்திலும் பிழைக்கும். பனையேறிக் கெண்டை முதல் மழையிலேயே முட்டை விடும். முட்டை மிதக்கும்; தாய் காவல் இருக்காது. கடலோரம், ஆற்று முகத்துவாரம் பக்கம் இருப்பவர்கள் கரிமீனை முயற்சி செய்யலாம். உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும். கல், ஓடு, தென்னை மட்டை போன்ற கெட்டியான பொருளின் மேல் முட்டையை ஒட்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் காக்கும். நாலு ஓடுகளை நட்டுவைத்தால் போதும்.

தேளியைக் கையாளும்போது கவனம் வேண்டும். மார்புத் துடுப்பு முள்ளில் விஷம் இருக்கிறது. குத்தினால் கை தோள்வரை கடுக்கும்.

விரால் குஞ்சு பொரிக்கக் குட்டை எப்படி இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். நடுக்குட்டையை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள். விரால் முட்டையிடுவது ஓரத்தில்தான். ஒன்றிரண்டு அடி ஆழம், புல்லும் கோரையும் வள்ளைக்கீரையும் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற இடம், ஆள் நடமாட்டம் இல்லாத மூலை. அது இருந்தால் குட்டை சின்னதாக இருந்தாலும் பொரிக்கும்.

நாங்கள் முதல் வருடம் செய்தது இதற்கு நேர் எதிர். தீபாவளிக்கு முன்னால் கரையெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆள் விட்டு நாலு பக்கமும் செதுக்கினோம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க ஒரு குஞ்சைக்கூடப் பார்க்கவில்லை. மீன் சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்த வருடம் ஆள் கிடைக்காமல் வடகரையை அப்படியே விட்டுவிட்டோம். கார்த்திகை பிறந்து நாலாம் நாள், அந்தக் கோரைக்கு நடுவில் முதல் கூட்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து வடகரையில் அரிவாள் படுவதில்லை.

பண்ணைக்குட்டையைப் பெட்டி மாதிரி செங்குத்தாக வெட்டிவிடுவார்கள். அதில் ஓரம் என்பதே இருக்காது. புதிதாக வெட்டுவதாக இருந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்தாறு அடி அகலத்துக்கு ஒரு படி விடச் சொல்லுங்கள். குட்டை நிறையும்போது அந்தப் படிமேல் இரண்டடித் தண்ணீர் நிற்க வேண்டும். ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது என்றால் ஒரு மூலையைச் சரித்துவிடலாம். அதில் கோரைக் கிழங்கையும் வள்ளைக்கீரைத் தண்டையும் நட்டுவிட்டால் ஒரே பருவத்தில் அடர்ந்துவிடும். ஆகாயத்தாமரையை மட்டும் உள்ளே விடாதீர்கள். ஒரு கொத்து விட்டால் இரண்டு மாதத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது.

தார்ப்பாய் விரித்த குட்டையில்?

வளர்க்கலாம். குஞ்சு பொரிக்க வைப்பது கடினம், ஏனென்றால் வேர் பிடிக்க மண் இல்லை. மூங்கில் சட்டம் கட்டி அதில் வள்ளைக்கீரையை மிதக்கவிட்டுப் பார்க்கலாம். மண் குட்டைக்கு அது ஈடாகாது.

பழைய குட்டையில் ஏற்கெனவே ஜிலேபியும் கண்ட மீனும் இருக்கிறது. என்ன செய்வது?

வற்ற வைத்து, தரை வெடிப்பு விடும்வரை காயப்போடுவதுதான் நல்ல வழி. சித்திரை வெயிலை வீணாக்காதீர்கள். ஈரச் சேறு மிச்சம் இருந்தால் விராலும் கெளுத்தியும் அதற்குள் புதைந்து உயிரோடு இருக்கும். அதனால் மேலே காய்ந்திருக்கிறதே என்று நம்பிவிடாமல் மண்வெட்டியால் ஒரு இடத்தில் வெட்டிப் பாருங்கள்.

முழுக்க வற்ற வைக்க முடியாத இடத்தில் இலுப்பைப் புண்ணாக்கு போடுவது நம் பழைய முறை. அதிலுள்ள சப்போனின் மீனைக் கொல்லும். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு தீர்ந்து, புண்ணாக்கு அப்படியே உரமாகிவிடும். கணக்கு இதுதான்: ஒரு எக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,000 முதல் 2,500 கிலோ. எங்கள் 22 சென்ட்டில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் 180 முதல் 225 கிலோ தேவைப்படும். ஒரு அடிக்கு இறக்கிவிட்டால் 70 கிலோ போதும். அதனால் முதலில் தண்ணீரை இறக்குங்கள். பூச்சிமருந்தைக் கொட்டி மீனைக் கொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீரை ஆடு குடிக்கும், மாடு குடிக்கும், கொக்கு அந்த மீனைத் தின்னும்.

காய்ந்த பிறகு சென்ட்டுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் சுண்ணாம்பு தூவி, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடலாம். கண்மாய் வாய்க்காலிலிருந்து தண்ணீர் விடுவதாக இருந்தால் குழாய் வாயில் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். ஜிலேபி முட்டையை வாயில் வைத்துக் காக்கும் மீன். ஒரு தாய் உள்ளே நுழைந்தால் போதும், மறுபடி அதே கதை.

தாய் மீன் எங்கே வாங்குவது? எத்தனை ஜோடி?

உங்கள் ஊர்க் கண்மாய் மீனையே எடுங்கள். கண்மாய் அழிப்பு (வற்றுகிற கண்மாயில் மீனை மொத்தமாகப் பிடிப்பது) நடக்கும்போது குத்தகைதாரரிடம் காசு கொடுத்து, அடிபடாத விராலாகப் பார்த்து வாங்கலாம். தூண்டிலில் பிடித்தது வேண்டாம். வாயில் புண் வந்து இரை எடுக்காது. முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ இருந்தால் நல்லது. நூறு மைல் தள்ளியிருக்கிற ஆற்று மீனைக் கொண்டுவந்து விடுவதைவிட, நம் மண்ணுக்குப் பழகியது பிழைக்கும். நம் கண்மாயின் மரபும் கலக்காமல் இருக்கும்.

வாங்கிவந்ததும் நேரே குட்டையில் விடாதீர்கள். லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீரில் இரண்டு நிமிடம் விட்டு எடுத்து, தனித் தொட்டியில் பத்து நாள் வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு மூடி கட்டாயம். விரால் தாண்டிவிடும்.

22 சென்ட்டுக்கு நாலு ஜோடி போதும் என்பது என் அனுபவம். நெருக்கினால் கூட்டிடத்துக்குச் சண்டை போட்டு ஒன்றை ஒன்று கடித்துவிடும்.

ஆண் எது, பெண் எது?

சினைக் காலத்தில்தான் உறுதியாகத் தெரியும். பெண்ணுக்கு வயிறு புடைத்து மெத்தென்று இருக்கும். இனத்துளை வட்டமாகச் சிவந்திருக்கும். ஆண் ஒல்லியாக நீண்டு, துளை சின்னதாகக் கூர்மையாக இருக்கும். மற்ற மாதங்களில் பார்த்துச் சொல்கிறவரை நம்பி ஜோடி வாங்காதீர்கள். எட்டு மீனாக வாங்கி விட்டால் அவையே ஜோடி சேர்ந்துகொள்ளும்.

எப்போது முட்டையிடும்? எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியக் காலம்: ஐப்பசி, கார்த்திகை. தென்மேற்கு மழை பெறுகிற இடங்களில் ஆனி, ஆடியிலும் உண்டு. மழை விழுந்து, தண்ணீர் குளிர்ந்து, மட்டம் ஏறுவதுதான் அதற்கு அழைப்பு. மழை ஏமாற்றிய வருடத்தில், புரட்டாசியில் தண்ணீரை இரண்டடி இறக்கி வைத்து, ஐப்பசியில் புதுத் தண்ணீரை மேலிருந்து சாரலாக விட்டு மட்டத்தை ஏற்றிப் பாருங்கள். எங்களுக்கு ஒரு வருடம் அது கைகொடுத்தது.

விடியற்காலையில் ஓரமாக, சத்தமில்லாமல் நடந்து பாருங்கள். கோரைக்கு நடுவில் ஒரு அடி அகலத்துக்கு வட்டமாகப் புல்லை ஒதுக்கி, அங்கே மட்டும் தண்ணீர் வெறுமையாகத் தெரியும். அதுதான் கூடு. முட்டை விட்டிருந்தால் அந்த வட்டத்தில் தேன் நிறத்தில், கடுகைத் தூவினதுபோல் ஒரே அடுக்காக மிதக்கும். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு எண்ணெய்த் துளி இருப்பதால்தான் மிதக்கிறது. வெள்ளையாக மாறினவை செத்த முட்டைகள். கண்ணை நிலைநிறுத்தி நின்றால் வட்டத்துக்குக் கீழே கறுப்பாக ஒன்று அசையாமல் இருப்பது தெரியும், அதுதான் காவல்.

ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். முதல் சில நாள் குஞ்சு கறுத்த புள்ளியாக அங்கேயே தொங்கும். பிறகு நிறம் மாறும்.

குட்டையில் சிவப்பாக ஒரு கூட்டம் நகர்கிறது. அது என்ன?

விரால் குஞ்சுகள். வாழ்த்துகள்! செம்பருத்திப் பூவைக் கசக்கிப் போட்டதுபோல் ஒரு திட்டு, தண்ணீருக்கு மேலே எழுந்து எழுந்து போகும். காற்றைக் குடிக்க ஆயிரம் வாய் ஒரே நேரத்தில் மேலே வருவதால் அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுகிறதுபோல் தண்ணீர் சலசலக்கும். நாங்கள் குஞ்சைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டோம்.

இப்போது ஒரு வேண்டுகோள். அந்தத் திட்டுக்குக் கீழே தாயும் தகப்பனும் இருக்கும். நீர்க்காகம், தவளை, தண்ணீர்ப் பாம்பு எது நெருங்கினாலும் பாயும். இந்தக் குணத்தை வைத்தே அதைப் பிடிப்பார்கள். தூண்டிலில் தவளைக் குட்டியைக் கோத்துச் செந்திட்டின் நடுவில் தட்டித் தட்டி ஆட்டினால், பசியில்லாவிட்டாலும் குஞ்சைக் காக்கப் பாய்ந்து கடிக்கும். ஒரு கிலோ விரால் அன்றைக்குக் குழம்பாகும். அந்தக் கூட்டம் முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் கெளுத்திக்கும் பாம்புக்கும் போகும். உங்கள் குட்டையில் மட்டுமல்ல, ஊர்க் கண்மாயிலும் செந்திட்டுக்குக் கீழே தூண்டில் போடாதீர்கள். பக்கத்தில் போடுகிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். எங்கள் ஊரில் நாலைந்து பையன்கள் இப்போது செந்திட்டைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

குஞ்சுகளை எடுத்துத் தனியாக வளர்க்க வேண்டுமா?

இரண்டு வழி. ஒன்றும் செய்யாமல் விட்டால் தாய் சுமார் ஒரு மாதம் காக்கும். அப்புறம் குஞ்சு நிறம் கறுத்துப் பிரிந்துபோகும். அதன் பிறகு பெரிய விராலுக்குச் சின்ன விராலும் இரைதான். ஆயிரத்தில் கொஞ்சம் மிஞ்சும். வீட்டுக்கும் ஊருக்கும் மீன் போதும் என்றால் அது போதும்.

விற்பனைக்கு என்றால் எடுக்க வேண்டும். பொரித்துப் பதினைந்து நாள் ஆனதும், காலை வெயில் ஏறுமுன் கொசுவலைத் துணியைச் செந்திட்டுக்கு அடியில் விட்டுத் தூக்கினால் கூட்டமாக ஏறிவிடும். நான் பாதியைத்தான் எடுப்பேன். மீதி தாயோடு இருக்கட்டும். எடுத்ததைக் குட்டைக்குள்ளேயே கட்டிய நைலான் வலைத் தொட்டியில் விடலாம். ஹாப்பா என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். மேலே பறவைக்கு ஒரு வலை.

குஞ்சுக்கு என்ன தீனி? நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைகிறதே, செத்ததும் மிதக்கவில்லையே?

செத்தது மிதக்காததற்குக் காரணம், அது இன்னொன்றின் வயிற்றில் இருக்கிறது. விரால் குஞ்சு தன்னில் பாதி அளவுள்ள தம்பியை விழுங்கும். நோயைவிட இதில்தான் அதிகம் போகும். இதற்கு மருந்து மூன்று: பசி தெரியாமல் தீனி போடுவது, வாரம் ஒருமுறை பெரியதையும் சின்னதையும் பிரிப்பது, ஒளிய இடம் கொடுப்பது. பிரிப்பதைத் தள்ளிப்போட்டால் இரண்டு வாரத்தில் தொட்டியில் பத்துக் கொழுத்த குஞ்சும் நிறையத் தண்ணீரும்தான் இருக்கும்.

தீனி முதலில் உயிரோடு இருக்க வேண்டும். சாணம் கரைத்துவிட்ட சின்னப் பள்ளத்தில் ஒரு வாரத்தில் துள்ளுகிற நுண்ணுயிர்கள் பெருகும். ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெளிச்சத்துக்குக் காட்டினால் தூசி குதிப்பதுபோல் தெரியும். அதை மெல்லிய துணியில் வடித்துப் போடுங்கள். கிடைத்தால் டியூபிஃபெக்ஸ் புழு. அவித்த முட்டையின் மஞ்சளையும் கரைத்து விடலாம், ஆனால் மிச்சம் தங்கினால் தண்ணீர் கெடும். ஒரு அங்குலம் தாண்டியதும் பொடிமீனை அரைத்து விழுதாக ஒரு தட்டில் வைத்து இறக்குங்கள். இரண்டு நாளில் தட்டு இறங்குகிற சத்தத்துக்கே கூடும். அந்த விழுதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குருணைத் தீவனத்தைக் கலந்து, இரண்டு மூன்று வாரத்தில் முழுத் தீவனத்துக்கு மாற்றிவிடலாம். பொறுமை வேண்டிய கட்டம் இது. இதில் பழகாத விரால் கடைசிவரை உயிர் மீனே கேட்கும்.

மழை பெய்த மறுநாள் மீனைக் காணோம். திருடு போயிருக்குமா?

முதலில் கரையைப் பாருங்கள். அடைமழையில் விரால் ஈரப்புல்லில் நெளிந்து நெளிந்தே அடுத்த வயலுக்குப் போகும். பனையேறி செவுள் மூடியை ஊன்றி நடக்கும். பெயரே அப்படித்தான் வந்தது. மழைக்கு முன் கரையைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வலை கட்டுங்கள், அடியை மண்ணில் புதையுங்கள். கலுங்கு வாயில் கம்பிவலை. எலிவளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்லா, ரோகுவோடு சேர்த்து வளர்க்கலாமா?

கட்லாக் குஞ்சு 100 கிராமாவது ஆன பிறகு விட்டால் பிழைக்கும். விரல் நீளக் குஞ்சாகவே விட்டால் விராலுக்கு விருந்து. ஜிலேபி தொல்லை உள்ள குட்டையில் பத்துப் பதினைந்து விராலை விட்டால் அதன் குஞ்சுகளைத் தின்று மட்டுப்படுத்தும். அது நல்ல உபாயம்.

ஒன்று கவனியுங்கள். விடிகாலையில் கெண்டைகள் வாய் பிளந்து மேலே வந்தால் தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கிறது. உடனே சாணமும் தீனியும் போடுவதை நிறுத்தி, மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழ விடுங்கள். விரால் மேலே வருவது வேறு. அது மூச்சுவிடுகிற முறையே அதுதான்.

உடம்பில் சிவப்புப் புண் வருகிறதே?

மழை முடிந்து குளிர் தொடங்கும்போது, மார்கழி தையில் வருவது இது. முதலில் சிவந்த புள்ளி, பிறகு சதை அரித்துக் குழி விழும். பூஞ்சை போன்ற ஒரு நீர்க்கிருமியால் வருவது. 1988-இல் இந்தியாவுக்குள் வந்தது. வந்த வேகத்தில் நாடு முழுக்க விராலை வாரிக்கொண்டு போனது. விராலும் குறவையும்தான் அதற்கு முதல் பலி.

வருமுன் தடுப்பதுதான் வழி. மழை ஓய்ந்ததும் சென்ட்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியுங்கள். வயல் தண்ணீர் வடிந்து உள்ளே வராமல் பாருங்கள். வேறு குட்டையில் போட்ட வலையை நன்றாக வெயிலில் காயவைக்காமல் உங்கள் தண்ணீரில் நனைக்காதீர்கள். வந்துவிட்டால் புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. எக்டேருக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு லிட்டர். செத்த மீனைக் கரையில் எறியாமல் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

'நாட்டுக் கெளுத்தி', 'வியட்நாம் விரால்' என்று குஞ்சு விற்கிறார்களே, வாங்கலாமா?

கெளுத்தி என்ற பெயரில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விற்பது இன்னும் நடக்கிறது. மத்திய அரசு 2000-இல் தடை செய்த மீன் அது. நாட்டுக் கெளுத்தி என்று நம்பி ஒரு வியாபாரியிடம் முந்நூறு குஞ்சு வாங்கி நாங்களும் ஏமாந்தோம். நாலு மாதத்தில் ஒவ்வொன்றும் கிலோவை நெருங்கியபோதுதான் சந்தேகம் வந்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டினோம். குட்டையை வற்ற வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்து அழித்தோம். அதற்குள் விட்டிருந்த குறவை, அயிரை எதுவும் மிச்சமில்லை. வெள்ளத்தில் அது கண்மாய்க்குத் தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது. நாட்டு மீன் அவ்வளவு வேகமாக வளராது. 'மூன்று மாதத்தில் ஒரு கிலோ' என்று யாராவது சொன்னாலே விலகிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பெயரில் வருகிற விரால் குஞ்சும் எனக்கு வேண்டாம். தீவனத்தை நன்றாகத் தின்னும் என்கிறார்கள். இருக்கலாம். அது தப்பி நம் கண்மாய் விராலோடு கலந்தால் திரும்பப் பிரிக்க யாராலும் முடியாது.

அயிரை வளர்க்கலாமா?

ஆசையான கேள்வி. எங்கள் பக்கத்தில் உயிரோடு வாங்கி, மண்சட்டியில் உப்பும் பாலும் விட்டு, மண்ணைக் கக்க வைத்துக் குழம்பு வைப்பார்கள். அதற்கு விரால் இல்லாத தனிக் குட்டை வேண்டும். அடியில் மணல் பரப்பிய, முழங்கால் ஆழம் தாண்டாத குட்டை. மணலுக்குள் புதைந்து வாழும். புதுமழைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும்போது எதிரேறி வரும். அப்போது பிடித்து விடலாம்.

அரசு மானியம் கிடைக்குமா?

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா யோஜனாவில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று மானியம் அறிவித்தார்கள். மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். வெட்டுவதற்கு முன்னால் கேட்பது நல்லது.

எப்போது பிடிப்பது? பிடிக்கும்போது என்ன கவனம்?

ஒரு வருடத்தில் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரும். உயிரோடு விற்றால்தான் விலை. செத்த விராலைச் சந்தையில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நல்ல வேளையாக இந்த மீன் ஈரச் சாக்குக்குள் மணிக்கணக்கில் தாங்கும்.

ஆனால் ஒன்று. மீன் தண்ணீருக்குள் மூச்சு முட்டிச் சாகும் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், விரால் சாகும். வலையில் மாட்டி மேலே வர முடியாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அதனால் இரவில் செவுள்வலை கட்டிவிட்டுக் காலையில் வந்து பார்க்கிற வேலை வேண்டாம். தண்ணீரை இறக்கி, இழுவலையில் பிடித்து, மேல் விளிம்பு காற்றில் இருக்கும்படி வைத்திருங்கள். பிடித்ததில் நல்ல வளர்ச்சியுள்ள எட்டுப் பத்தை அங்கேயே தனியாக எடுத்துத் தொட்டியில் போட்டுவிடுங்கள், வியாபாரி தராசை எடுப்பதற்கு முன்னால். அடுத்த ஐப்பசிக்கு அவைதான் தாய்.